மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு ஜப்பானிய ஆலை

 

அமெரிக்கா சென்று திரும்பியவர் பயணக் கட்டுரை எழுதத் தொடங்கினால் நயாகரா நீர்வீழ்ச்சியும், நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களும், சுதந்திர தேவி சிலையும் வரிசையாக வந்து நிற்பது வழக்கம். இந்தக் கட்டுரையில் அவை எதுவும் வாரா. நான் உங்களை அழைத்துச் செல்லவிருப்பது ஒஹையோ மாநிலத்தில், மக்காச்சோளமும் சோயாவும் விளைகின்ற பரந்த சமவெளியில் அமைந்திருக்கும் மேரிஸ்வில் என்னும் சிற்றூருக்கு. சுற்றுலா செல்வோர் நாடிப் போகும் ஊரன்று அது. நானும் நாடிச் சென்றவன் அல்லன்; அனுப்பி வைக்கப்பட்டவன்.

அனுப்பியவர் ஆம்பூரில் இருக்கும் என் மச்சான். ஆம்பூர், பிரியாணிக்கு மட்டுமன்று, தோலுக்கும் பெயர் பெற்ற ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். மச்சான் அங்கே சிறிய அளவில் தோல் பைகள் தைக்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு, இடைத்தரகர் எவருமின்றி அமெரிக்காவுக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பிப் பார்க்கும் ஆசை அவருக்குப் பிறந்தது. வட்டிக்குக் கடன் வாங்க மனம் ஒப்பவில்லை. என் அக்கா தம் நகைகளை விற்று முதல் கொடுத்தார். பெண்கள் தோளில் மாட்டிக்கொள்ளும் பைகள் அறுநூறு, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. இரண்டு மாதம் கழித்து, சரக்கு தரமாக இல்லை, ஏற்பதற்கில்லை என்று இரண்டே வரிகளில் கடிதம் வந்தது. திரும்ப வரவழைப்பதென்றால் கப்பல் கூலியே சரக்கின் விலையை விழுங்கிவிடும் என்றார்கள். கிடங்கு வாடகைக்கு ஈடாக அந்தப் பைகள் அங்கேயே எவருக்கோ தள்ளிவிடப்பட்டன.

அன்றோடு அந்தப் பேச்சு வீட்டில் மூடப்பட்டது. இப்போது மச்சான் மறுபடியும் முயல வேண்டும் என்கிறார். அக்கா கூடவே கூடாது என்கிறார். இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, மற்றவருக்குப் புத்தி சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். நானோ மதரஸாவில் கொள்வினை, கொடுப்பினைச் சட்டங்களைக் கிதாபிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன். சொந்தமாக ஒரு கைக்குட்டையைக்கூட விற்றறியாதவன்!

அவர்களுடைய மகன், என் மருமகன், ஒஹையோவின் தலைநகரமான கொலம்பஸில் குடியிருக்கிறான். ஹோண்டா நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து தரும் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளன். நோன்புப் பெருநாளுக்குப் பின் மதரஸாவுக்கு விடுமுறை இருந்ததால் அவன் அழைப்பை ஏற்று ஏப்ரல் மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். புறப்படும்போது மச்சான் சொன்னது இதுதான்: "அமெரிக்காவுல வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் போய் எப்படிக் கடை விரிச்சான்னு பார்த்துட்டு வாங்க மச்சான். நான் எங்க தப்புப் பண்ணினேன்னு எனக்குத் தெரியணும்."

ஒரு சனிக்கிழமைக் காலை, மருமகன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு 33ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்கே செலுத்தினான். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். நகரத்தின் வீடுகள் மறைந்ததும் இருபுறமும் மண்ணிறத்தில் வெற்று வயல்கள் விரிந்தன. சென்ற ஆண்டு அறுத்த மக்காச்சோளத்தின் தட்டைகள் இன்னும் நின்றன. குளிர் காதைக் கடித்தது. ஆங்காங்கே ஒரு வெள்ளை மரவீடு, ஒரு தானியக் களஞ்சியம், ஒரு தேவாலயக் கோபுரம். உலகப் புகழ் பெற்ற தொழிற்சாலைக்குப் போகும் வழி இதுதானா என்று எனக்கு ஐயமே ஏற்பட்டது. மேரிஸ்வில்லைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும், வயல்களுக்கு நடுவே தாழ்ந்து நீண்ட வெண்ணிறக் கட்டடங்கள் தென்பட்டன. அவற்றின் முன்னே பல்லாயிரம் கார்கள் நிறுத்தப்பட்டிருந்தன.

ஆலைக்குள் நாங்கள் செல்லவில்லை. அருகே 'ஹோண்டா ஹெரிட்டேஜ் சென்டர்' என்ற பெயரில் அந்நிறுவனம் ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறது. பொதுமக்கள் பார்க்கலாம். அங்கேதான் போனோம். பளபளக்கும் கார்களும் பந்தய வண்டிகளும் கண்ணைப் பறித்தன என்பது உண்மையே. ஆனால் என் கால்கள் நின்றது, நம்மூர் டி.வி.எஸ். 50க்கு அண்ணன் போல் இருந்த ஒரு சிறு வண்டியின் முன்புதான். கால் தூக்கிப் போடாமல் நடுவே நுழைந்து உட்காரும் அமைப்பு, காலுக்கு முன்னே மழையும் சேறும் தெறிக்காமல் ஒரு மறைப்பு, ஐம்பது சி.சி. இயந்திரம். இதன் பெயர் சூப்பர் கப். 1958இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2017ஆம் ஆண்டோடு உலகம் முழுவதும் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. இந்தச் சிறு வண்டியின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஹோண்டா என்றால் நம்மில் பலருக்கு 1984இல் தொடங்கிய ஹீரோ ஹோண்டாவின் நினைவே முதலில் வரும். தாய் நிறுவனத்தின் வயது அதைவிடக் கூடுதல். கொல்லன் மகனாகப் பிறந்த சோய்ச்சிரோ ஹோண்டா என்பவர் 1948இல் அதை நிறுவினார். அவர் இயந்திரப் பித்தர். கணக்கு வழக்கில் நாட்டமில்லாதவர். மறு ஆண்டே தாகியோ ஃபுஜிசாவா என்ற வணிக நுட்பர் கூட்டாளியாக வந்து சேர்ந்தார். ஒருவர் வண்டியைச் செய்வார். மற்றவர் அதை விற்கும் வழியைப் பார்ப்பார். சூப்பர் கப் வண்டிக்கு வித்திட்டவர் ஃபுஜிசாவாதான். ஜப்பானில் 'சோபா' எனப்படும் நூடுல்ஸ் கடைப் பையன்கள், ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் வண்டி ஓட்டி வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பார்கள். அந்தப் பையனால் ஓட்ட முடிய வேண்டும் என்பதற்காகவே கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லாமல் அதை வடிவமைத்தார்கள்.

வெளிநாடு செல்வதென்று முடிவானபோது, கிஹாச்சிரோ கவாஷிமா என்ற இளம் அதிகாரி, தென்கிழக்கு ஆசியாவே தோதான சந்தை என்று கருதினார். ஆனால் ஃபுஜிசாவா அமெரிக்காவைச் சுட்டினார். அங்கே காலூன்றிவிட்டால் மற்ற நாடுகள் தாமே கதவு திறக்கும் என்பது அவர் கணிப்பு.

அந்நாளில் ஜப்பான் அரசு அந்நியச் செலாவணியைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டது. அதற்குச் சற்று முன்னரே அமெரிக்கா சென்றிருந்த டொயோட்டாவின் காரும் அங்குள்ள நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. கார்க்காரருக்கே அந்தக் கதி என்றால் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வந்தது என்று நிதி அமைச்சகம் தயங்கியது. கடைசியில் 2,50,000 டாலருக்கு அனுமதி கிடைத்தது. அதிலும் கையில் பணமாகக் கொண்டுபோக 1,10,000 டாலர் மட்டுமே. மீதத்தை வண்டியாகவும் உதிரிபாகமாகவும் அனுப்பிக்கொள்ள வேண்டும்.

1959இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமெரிக்கன் ஹோண்டா தொடங்கப்பட்டது. கவாஷிமாவும் உடன் வந்தவர்களும் மாதம் எண்பது டாலர் வாடகையில் ஒரு குடியிருப்பைப் பிடித்தார்கள். இருவர் தரையில் படுத்தார்கள். பாழடைந்த ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்துத் தாங்களே கூட்டிப் பெருக்கினார்கள். வண்டிப் பெட்டிகளைக் கையாலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன நம் வீட்டுப் பிள்ளைகளின் அறை வாழ்க்கையைக் கேட்டறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. ஆனால் இவர்கள் ஒரு நிறுவனத்தின் அதிகாரிகள் என்பதை நினைவில் வையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்பனைப் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்துவிடும். இதை அறியாமல் இவர்கள் பருவம் முடியும் தறுவாயில் வந்து இறங்கியிருந்தார்கள்!

கொண்டுவந்த சரக்கில் நான்கு வகை வண்டிகள் இருந்தன: 50, 125, 250, 305 சி.சி. பெரிய வண்டிகளின் மீதுதான் சோய்ச்சிரோ ஹோண்டாவுக்கு முழு நம்பிக்கை. அவற்றின் கைப்பிடி புத்தரின் புருவம் போல் வளைந்திருப்பதால் அமெரிக்கர்களைக் கவரும் என்றுகூட அவர் எண்ணினாராம். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்டு வளர்ந்த அமெரிக்கனுக்குப் புத்தரின் புருவம் எப்படித் தெரியும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை போலும்.

மறு ஆண்டு, 1960 வசந்தத்தில், பெரிய வண்டிகள் மெல்ல விற்கத் தொடங்கின. உடனே இடி விழுந்தது. எண்ணெய் ஒழுகுகிறது, கிளட்ச் தேய்ந்து போகிறது என்று வண்டிகள் திரும்பி வந்தன. காரணம் எளிது. ஜப்பானில் குறுகிய தெருக்களில் சிறு தொலைவு ஓடிய வண்டி, அமெரிக்காவில் அகன்ற சாலையில் மிகுந்த வேகத்தில் வெகு தூரம் ஓட்டப்பட்டது. பெயரே கெட்டுவிடும் நிலை. கையிருப்பில் இருந்த சிறு தொகையைச் செலவிட்டுப் பழுதான வண்டிகளை விமானத்தில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே பொறியாளர்கள் அமெரிக்கன் ஓட்டும் விதத்தில் அவற்றை இரவு பகலாக ஓட்டி, அதே பழுதை வரவழைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் கேஸ்கெட்டும் கிளட்ச் சுருள்வில்லும் புதிதாக வடிவமைக்கப்பட்டன.

வாசகர்களே, இந்த இடத்தில் நான் அருங்காட்சியகத்திலிருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் மனம் ஆம்பூரில் இருந்தது. இரண்டு வரிக் கடிதம், அறுநூறு பைகள், கிடங்கு வாடகை. அந்தப் பைகளில் ஒன்றையாவது எவரேனும் பிரித்துப் பார்த்தார்களா? கிதாபில் குறையுள்ள சரக்கைப் பற்றித் தனிப் பாடமே உண்டு. வாங்கியவருக்கு அதனால் என்ன உரிமை என்பதை நான் பல ஆண்டுகளாகப் போதித்து வருகிறேன். விற்றவன் அந்தக் குறையை என்ன செய்ய வேண்டும் என்று எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

மருமகன் அருகில் வந்து அமர்ந்தான். "என்ன மாமா, அத்தாவை நினைச்சுக்கிட்டீங்களா?" என்றான். ஆம் என்றேன். அவனும் சிறிது நேரம் பேசவில்லை.

கதைக்கு வருவோம். பெரிய வண்டிகள் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில் கவாஷிமாவும் தோழர்களும் நகருக்குள் தங்கள் சொந்த வேலைகளுக்காகச் சின்னஞ்சிறு சூப்பர் கப்பில் சுற்றி வந்தார்கள். சாலையில் போவோர் நின்று விசாரித்தார்கள். சியர்ஸ் என்ற மாபெரும் அங்காடி நிறுவனத்திலிருந்தே ஒருவர் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். ஆனால் இவர்களுக்கோ தயக்கம். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் என்றால் கறுப்புத் தோல் சட்டை அணிந்த முரட்டு ஆடவனின் வாகனம். இந்தப் பொம்மை வண்டியை விற்றால் நிறுவனத்தின் மானமே போய்விடும் என்று அஞ்சினார்கள். வேறு வழியில்லாமல் போன பிறகே அதை வெளியில் எடுத்தார்கள். விற்க முன்வந்தவர்களும் மோட்டார் சைக்கிள் வியாபாரிகள் அல்லர். விளையாட்டுச் சாமான் கடைக்காரர்கள்!

விலை 250 டாலருக்கும் குறைவு. அமெரிக்க, ஆங்கிலேயப் பெரிய வண்டிகளோ 1,000 முதல் 1,500 டாலர் வரை விற்றன. கல்லூரி மாணவன் வாங்கினான். அலுவலகம் செல்லும் பெண் வாங்கினாள். கடைக்குப் போகும் இல்லத்தரசி வாங்கினாள். 1963இல் ஹோண்டா ஓட்டுவோரெல்லாம் நல்ல மனிதர்கள் என்ற கருத்தை முன்வைத்து ஒரு விளம்பரம் வந்தது. படத்தில் முரடர் எவரும் இல்லை. குடும்பத்தினரும் இளைஞர்களும் சிரித்த முகத்தோடு சிறு வண்டிகளில் அமர்ந்திருந்தார்கள். அதற்கு வித்திட்டதும் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் வகுப்புப் பயிற்சிக்காக எழுதிக் கொடுத்த கட்டுரையாம். 1964இல் அமெரிக்காவில் விற்ற மோட்டார் சைக்கிள்களில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று ஹோண்டா என்ற நிலை வந்துவிட்டது.

இந்தக் கதை வெளியுலகுக்குத் தெரியவந்த வரலாறும் சுவையானது. ஆங்கிலேயரின் மோட்டார் சைக்கிள் தொழில் ஏன் நசிந்தது என்று ஆராய அந்நாட்டு அரசு பாஸ்டன் ஆலோசனைக் குழுமம் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தை அமர்த்தியது. 1975இல் அறிக்கை வந்தது. உற்பத்தியைப் பெருக்கி, அடக்க விலையைக் குறைத்து, சிறு வண்டியால் சந்தையைப் பிடித்துப் பின் பெரிய வண்டிக்கு ஏறினார்கள். எல்லாம் தொலைநோக்குத் திட்டம் என்பது போன்ற சித்திரத்தை அது தந்தது. பிறகு ரிச்சர்ட் பாஸ்கேல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் டோக்கியோ சென்று, அன்று களத்தில் நின்ற ஹோண்டா அதிகாரிகளையே நேரில் கேட்டு 1984இல் எழுதினார். அப்போதுதான் தரையில் படுத்ததும், எண்ணெய் ஒழுகியதும், சிறு வண்டியை விற்க அஞ்சியதும் வெளிவந்தன. மருமகன் அந்தக் கட்டுரையின் நகலை எனக்குக் கொடுத்தான். இரவெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு செய்தி எவர் வாயிலிருந்து வருகிறது, அவர் நேரில் கண்டவரா என்று பார்த்துப் பழகிய எங்கள் போன்றோருக்குப் பேராசிரியரின் முறை மிகவும் பிடித்துப் போவதில் வியப்பில்லை. பாஸ்டன் அறிக்கை முழுதும் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானில் பெருமளவில் உற்பத்தி நடந்ததும் விலை குறைந்ததும் மெய்யே. ஆனால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வழுக்கி விழுந்தவனும் குனிந்து வணங்குபவன் போலத் தெரிவான்.

சரி, லாஸ் ஏஞ்சல்ஸில் கடை விரித்தவர்கள் ஒஹையோவின் வயலுக்கு எப்படி வந்தார்கள்?

பொருளை எங்கே விற்கிறோமோ அங்கேயே செய்ய வேண்டும் என்பது ஹோண்டாவின் கொள்கை. 1977இல் மேரிஸ்வில் அருகே ஆலை அமைக்கப்போவதாக அறிவித்தார்கள். ஒஹையோவின் ஆளுநராக அப்போதிருந்த ஜேம்ஸ் ரோட்ஸ் விடாமல் அழைத்ததும், பக்கத்திலேயே வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் பெரிய ஆய்வுத் தடம் இருந்ததும் அவர்களை ஈர்த்தன. எடுத்த எடுப்பில் கார் செய்ய முனையவில்லை என்பதைக் கவனியுங்கள். 1979 செப்டம்பர் 10ஆம் நாள், அறுபத்து நான்கே பணியாளர்களோடு மோட்டார் சைக்கிள் ஆலை ஓடத் தொடங்கியது. வயலில் வளர்ந்த ஒஹையோ இளைஞன் ஜப்பானியத் தரத்தில் வண்டி செய்வானா என்று முதலில் பார்த்தார்கள். நம்பிக்கை பிறந்தபின் கார் ஆலை எழுந்தது. 1982 நவம்பர் 1ஆம் நாள் அங்கிருந்து முதல் அக்கார்டு கார் வெளிவந்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அமெரிக்க மண்ணில் செய்த முதல் கார் அதுவே. அந்தக் கார் இன்று மிஷிகன் மாநிலத்தில் ஹென்றி ஃபோர்டின் பெயரால் விளங்கும் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. போட்டியாளன் வீட்டிலேயே மரியாதை!

அந்தக் காலம் இலேசான காலமன்று. எண்ணெய் விலை ஏறி, அமெரிக்கக் கார் ஆலைகள் ஆட்குறைப்புச் செய்துகொண்டிருந்தன. ஜப்பானியர் மீது வெறுப்பு புகைந்தது. ஆண்டுக்கு 16,80,000 கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று 1981இல் ஜப்பான் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. முதல் அக்கார்டு வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1982 ஜூனில், டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞர், கார்த் தொழிலைச் சேர்ந்த இருவரால் அடித்துக் கொல்லப்பட்டார். ஜப்பானியர் மீதான காழ்ப்பே அதற்குக் காரணம் எனப் பரவலாகப் பேசப்பட்டது. முகம் ஒன்று போல் இருந்ததே அவர் செய்த குற்றம். இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்னென்ன நினைவு வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மேரிஸ்வில்லில் அதிகாரிக்கென்று தனிச் சாப்பாட்டு அறை இல்லை. வண்டி நிறுத்தத் தனி இடம் இல்லை. மேலாளர் முதல் கடைநிலைப் பணியாளர் வரை ஒரே வெள்ளைச் சீருடை. தொழிலாளி என்று சொல்லாமல் கூட்டாளி என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். ஒரே சஃபில் நின்று தொழுது பழகிய நமக்கு இது இனிக்கத்தான் செய்யும். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆலையைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் வசிப்பவர்களையே வேலைக்கு எடுத்தார்கள். சுற்றியிருந்தவை வெள்ளையர் வாழும் சிற்றூர்கள். கறுப்பின மக்கள் மிகுந்த கொலம்பஸ் நகரம் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றது. அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் தலையிட்டது. 1988இல், முன்பு வேலை மறுக்கப்பட்ட கறுப்பினத்தவரும் பெண்களுமாகிய 377 பேருக்கு அறுபது இலட்சம் டாலர் இழப்பீடு தர ஹோண்டா உடன்பட்டது. எண்ணெய் ஒழுகியதை ஒரு மாதத்தில் கண்டுபிடித்தவர்களுக்கு இந்த ஒழுகல் மட்டும் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் போனது எப்படி?

அதே 1988இல் ஒஹையோவில் செய்த அக்கார்டு கார்களை ஜப்பானுக்கே கப்பலேற்றினார்கள். 1989இல் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற கார் அக்கார்டு என்ற பெயரும் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னோடியாக இருந்த மோட்டார் சைக்கிள் ஆலையை 2009இல் மூடிவிட்டார்கள். முதலில் பிறந்த பிள்ளையை முதலில் இழந்தது போல் ஊரார் வருந்தியிருப்பார்கள்.

பகல் உணவுக்குக் கொலம்பஸ் திரும்பும் வழியில் டப்ளின் என்ற புறநகரில் வண்டியை நிறுத்தினான் மருமகன். ஹோண்டாவின் பொருட்டு வந்து குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் அங்கே நிறைய. கடைப் பலகைகளில் ஜப்பானிய எழுத்து. சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பும் குடும்பங்கள் ஆதலால், பிள்ளைகள் பின்தங்கிவிடாதபடி சனிக்கிழமைகளில் தாய்மொழிப் பள்ளி நடத்துகிறார்களாம். மாலையில் பள்ளிவாசலுக்குப் போனபோது, அங்கும் சோமாலி, அரபு, உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் வார இறுதி மதரஸாவில் சிறு பலகைகளின் முன் ஆடி ஆடி ஓதிக்கொண்டிருந்தார்கள். என் தொழில் அதுவாகையால் நெடுநேரம் நின்று பார்த்தேன். மருமகனுக்குத்தான் பசி.

ஊர் திரும்பியதும் நேரே ஆம்பூர் சென்றேன். கூடத்தில் மச்சான் எதிரே அமர்ந்து, இதுவரை உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். அடுப்படி வாசலில் அக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பழுதான வண்டிகளை விமானத்தில் திருப்பி அனுப்பிய இடம் வந்தபோது மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க ஒரு பையையாவது திரும்ப வரவழைச்சுப் பார்த்தீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"இல்லை. அதுக்கும் காசு செலவழிக்கணுமான்னு கோபம். என்ன கெட்டுப்போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அக்கா உள்ளே சென்றார். பீரோ திறக்கும் ஓசை கேட்டது. பழைய துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து எங்கள் நடுவே வைத்தார். அனுப்பிய சரக்கிலிருந்து நினைவுக்காக அவர் எடுத்து வைத்திருந்த ஒரே பை. வெளியே தோல் புதிது போலவே இருந்தது. அக்கா அதன் மூடியைத் திறந்து, உள்துணியின் தையலை விரலால் பிரித்துக் காட்டினார். மூடி விறைப்பாக நிற்பதற்காக உள்ளே வைத்துத் தைத்திருந்த அட்டை முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

"அந்த வருஷ மழையிலேயே பார்த்தேன்," என்றார் அக்கா. "அட்டை ஈரத்தோட வந்திருக்கு. கப்பல்ல மூடிக் கிடந்தா என்ன ஆகும்? உங்ககிட்டச் சொன்னா மனசு நோகும்னு விட்டுட்டேன்."

மச்சான் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காகச் சன்னலோரம் போனார். அட்டையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு பட்டறைப் பையனைக் கூப்பிட்டு, அட்டை வாங்கும் கடையின் பில் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். அக்கா எதுவும் சொல்லாமல் எனக்குத் தேநீர் போட அடுப்படிக்குச் சென்றார்.